தாய்மாமன் பேனர்

சுரேஷ்கண்ணனை ஓரிடத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியவர் ஜெயமங்கலத்தில் யாரும் கிடையாது. பேச்சுக்கு நடுவிலேயே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவான். வந்ததும் எதிரே இருப்பவருக்குச் சட்டைப் பொத்தான் மாறிக் கிடப்பதைச் சொல்வான். அதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதது ஞாபகம் வந்துவிடும். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பெறந்துட்டான்" என்பாள் அவன் அம்மா ராஜாத்தி. அவள் அதைப் பெருமையாகச் சொல்கிறாளா, நொந்துபோய்ச் சொல்கிறாளா என்பது அன்றைக்கு அவன் என்னத்தை உடைத்தான் என்பதைப் பொறுத்தது.

அப்படிப்பட்டவனுக்கு அந்தப் பக்கத்தில் என்ன வேலை சரிப்படும்? வேறென்ன, போலீஸ்தான். விடிந்தும் விடியாமலும் வைகை அணை ரோட்டில் போய்ப் பாருங்கள், பனியனும் டிரவுசருமாக ஒரு படையே ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டாவது முடித்த பயல் ஓடவில்லையென்றால் உடம்புக்கு ஏதும் கோளாறோ என்று வீட்டிலேயே சந்தேகப்படுவார்கள். சுரேஷ்கண்ணனும் ஓடினான். ஓட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் உயரம் அளக்கிற கம்பத்தின் கீழே நிறுத்தியபோது ரெண்டு சென்டிமீட்டர் குறைந்தது. அடுத்த தடவையும் போய் நின்றான். அதே ரெண்டு சென்டிமீட்டர்.

அந்தச் சமயத்தில்தான் அவன் சித்தப்பா, வாழைத்தார் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து, தொடையெலும்பு முறிந்து, தேனி பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் வெட்டியாக இருந்தவன் இவன் ஒருவன்தானே, துணைக்கு இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். இருபத்தொரு நாள். சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டது போக, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கஞ்சி வாங்கி வந்தான். எதிர்க் கட்டிலில் டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொன்னான். ஸ்ட்ரெச்சர் தள்ளினான். யாருக்கு எப்போது மாத்திரை, யாருக்கு எந்தக் கை வலி என்பதெல்லாம் மூன்றாம் நாளே அவனுக்கு அத்துபடி. "தம்பி, நீ எந்த பேஷண்டுக்கு அட்டெண்டர்?" என்று ஒரு சிஸ்டரே கேட்டுவிட்டார். பிறந்ததிலிருந்து அந்த இருபத்தொரு நாள்தான் யாரும் அவனை "ஏலே, ஒரு எடத்துல உக்காரு" என்று அதட்டவில்லை. அங்கே நிற்க நேரமில்லாமல் திரிவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அடடா, இப்படியும் ஒரு இடம் இருக்கிறதா என்று ஆகிவிட்டது அவனுக்கு.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். "நான் நர்சிங் படிக்கப் போறேன்."

அவன் அப்பா ஒச்சாண்டி அப்போதுதான் வாழைத்தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த செம்பை வைக்காமலேயே திரும்பிப் பார்த்தார்.

"என்னது? நர்ஸா? அதுக்குப் பொம்பளப் புள்ளைகள்ல போகும்?"

"ஆம்பளைகளும் இருக்காகப்பா. ஆஸ்பத்திரில பாத்தேன்."

"நீ போலீசாகலேன்னா போ, டிராக்டர் ஓட்டு. ஊர்க்காரன் சிரிக்கிற வேலைக்கு எம்மகன் போக வேணாம்."

எட்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ஒன்பதாம் நாள் ராஜாத்தி சோறாக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பசி யாரை விட்டது, ஒச்சாண்டி இறங்கி வந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வகுப்பில் அறுபது பேர், ஆறு பேர் பையன்கள். சேர்த்துவிட்டு வந்து, டீக்கடையில் யாரோ கேட்டபோது, நெஞ்சறிய ஒரு பொய்யைச் சொன்னார்: "டாக்டருக்குப் படிக்கிறான்."

ஒரு பொய்தான். ஆனால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. மகள் பாண்டீஸ்வரியை வைகை அணைப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி வீட்டிலும் அதையே சொன்னார். சுரேஷ்கண்ணன் படித்து முடித்து, தேர்வெழுதி, கம்பத்துப் பக்கம் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் ஊருக்கு அவன் டாக்டர்தான். லீவுக்கு வந்தால் மருந்துச் சீட்டும் கையுமாக வாசலில் ஆள் நிற்கும். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வருவான். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய மனுஷன் ஏதோ ஆசைக்குச் சொல்கிறார், போகட்டும் என்று விட்டான். அது அவன் செய்த தப்பு.

போன வருஷம் ஒச்சாண்டி கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நாற்பது நாள் படுக்கை. சுரேஷ்கண்ணன் இருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு வந்தான். அந்த அறைக்குள் வேறு யாரும் நுழையக்கூடாது என்று ஒச்சாண்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ராஜாத்தி உட்பட. கதவு சாத்தியே இருந்தது. பார்க்க வந்தவர்களிடம் ராஜாத்தி, "டாக்டர் மகனே வச்சுப் பாக்குறான்" என்று திண்ணமாகச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். நாற்பது நாளும் அந்த அறையில் நடந்ததைப் பற்றி அப்பாவும் மகனும் பிறகு வாய் திறந்து பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது பேனருக்கு வருவோம்.

பாண்டீஸ்வரியின் பத்து மாதக் குழந்தை மகிமாவுக்கு அணைப் பக்கத்துக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் என்பது உங்களுக்குத் தெரியும். தாய்மாமனுக்குத் தனி பேனர் உண்டு என்பதும் அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். மாமன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பான். கீழே பங்காளிகளும் மச்சினன்மார்களும் சின்னச் சின்னப் படங்களில், ஒவ்வொருவர் பேருக்கும் கீழே காவல்துறை, இந்திய ராணுவம், மின்வாரியம் என்று உத்தியோகத்தோடு நிற்பார்கள். உத்தியோகம் இல்லாதவன் 'விவசாயம்' என்று போட்டுக்கொள்வான். எதுவும் போடாமல் இருக்கிற வழக்கம் கிடையாது. ஒச்சாண்டி பெரியகுளத்தில் பிளக்ஸ் அடிக்கும் அழகுமலையிடம் போய், தன் வாயாலேயே சொல்லி எழுதவைத்தார்: 'தாய்மாமன் டாக்டர் ஓ. சுரேஷ்கண்ணன், அரசு மருத்துவர்.'

அது அணைக்குப் போகிற ரோட்டோரத்தில் பதினைந்தடிக்கு எழுந்து நின்றது. அணை பார்க்க வருகிற கூட்டத்துக்குக் கண்ணிருக்கிறதே. சுரேஷ்கண்ணன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் லேப் ஆள் ஒருத்தர் பிள்ளைகளோடு அங்கே போயிருக்கிறார். போட்டோ எடுத்து, வார்டு வாட்ஸப் குரூப்பில் போட்டு, பக்கத்தில் நாலு சிரிக்கிற பொம்மையையும் போட்டுவிட்டார்.

காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம், டியூட்டி முடித்துவிட்டு கம்பத்தில் பஸ் ஏறியவனுக்கு, சின்னமனூர் தாண்டும்போது போன் வந்தது. வார்டு இன்சார்ஜ் தேவயானி சிஸ்டர்.

"சுரேஷ், இதென்ன கூத்து?"

"எது சிஸ்டர்?"

"குரூப்ப பாரு."

பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாது சிஸ்டர். எங்கப்பா..."

"உங்கப்பான்னு எனக்குப் புரியுது. மேல இருக்கவகளுக்குப் புரியணுமே. எவனாச்சும் இதப் பிரிண்ட் போட்டு, போலி டாக்டர்னு ஒரு மனு எழுதிப் போட்டா என்ன செய்வ? அடுத்த மாசம் உன்னைய வேலையில நிரந்தரம் பண்ற ஃபைல் போகுது. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள அந்தப் போர்டு சரியாகி எனக்குப் போட்டோ வரணும். குரூப்புல நான் பேசிக்கிறேன்."

அதன்பிறகு அவன் சீட்டில் உட்காரவில்லை. டிரைவர் பக்கத்தில் போய் நின்றான், படிக்கட்டுக்கு வந்தான், திரும்ப உள்ளே போனான். "தம்பி, எங்கயாச்சும் ஒரு எடத்துல நில்லேம்ப்பா" என்றார் கண்டக்டர். போனை எடுத்து அப்பா நம்பரை அழுத்துவான், மணி அடிக்கும் முன்னே நிறுத்துவான். போனில் பேசினால் அப்பா கத்துவார், இவனும் கத்துவான், பஸ்ஸே கேட்கும். வீரபாண்டியில் பஸ் ஐந்து நிமிடம் நின்றதற்கு, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். ஓடியே பழக்கப்பட்ட கால் இல்லையா?

பேனரைக் கழற்றி எறிந்துவிட்டால் முடிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் முடியாது. காதுகுத்துக்கு முந்தின நாள் தாய்மாமன் பேனர் இறங்கினால், பிறந்த வீடு முறித்துக்கொண்டது என்று அர்த்தம். பாண்டீஸ்வரி புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும். பேனரும் நிற்க வேண்டும், டாக்டரும் போக வேண்டும்.

தேனியில் பஸ் மாறிப் பெரியகுளத்தில் இறங்கி, நேரே அழகுமலை கடைக்குப் போனான். அழகுமலை இவனைக் கண்டதும், "வாங்க டாக்டர்" என்று எழுந்தே விட்டார்.

"அண்ணே, நான் டாக்டர் இல்ல. நர்ஸு. அந்த வரி மேல ஒட்டுறாப்புல ஒரு ஸ்டிக்கர் அடிச்சுக் குடுங்க. 'தாய்மாமன் ஓ. சுரேஷ்கண்ணன், செவிலியர்'. அம்புட்டுத்தான்."

அழகுமலை இவன் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தார். "நெசமாவா சொல்றீக? உங்கப்பாரு இங்கன நின்னுல்ல எழுத்துக்கூட்டிச் சொன்னாக?"

"நெசந்தாண்ணே. அடிங்க."

"அடிக்கிறேன். ஆனா ஒட்டுறதுக்கு முன்னால அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி. நாளப்பின்ன அவரு மூஞ்சில நான் முழிக்கணும்."

எழுத்து அடித்து வருகிறவரை அவன் அந்தக் கடைக்குள் எத்தனை நடை நடந்தான் என்று கணக்கில்லை. சுருட்டிய ஸ்டிக்கரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜெயமங்கலம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒச்சாண்டி கூடத்தில் சீர்த்தட்டுகளை வரிசையாக அடுக்கவைத்து, பழம் குறைகிறது, வெற்றிலை வாடியிருக்கிறது என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் வைத்த கம்பி காரணமாக ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார்.

"ஏப்பா, இங்கன வாங்க" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போய், நடந்ததைச் சொல்லி ஸ்டிக்கரை விரித்துக் காட்டினான்.

படித்ததும் அவருக்கு மூக்கு விடைத்தது. "இத ஒட்டுனா நாளைக்கு அங்கன நான் தலைகாட்ட முடியாது."

"ஒட்டலேன்னா எனக்கு வேலை போயிரும்ப்பா."

"எவனோ ஒருத்தன் போட்டோ எடுத்தா வேலை போயிருமா? பயங்காட்டாத."

"சரி, போகலன்னே வச்சுக்கோங்க. எதுக்குப்பா டாக்டரு? நான் என்ன திருட்டுத்தொழிலா பண்றேன்? பத்து வருசமா கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். எம்வேலையச் சொல்ல உங்களுக்கு வெக்கமாயிருக்குல்ல?"

ஒச்சாண்டி ஒருமுறை கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஆமாடா. வெக்கமாத்தான் இருக்கு. அந்த வேலை என்னன்னு எனக்குத் தெரியாமயா? படுத்துக் கெடந்தப்பப் பாத்தேன்ல? பெத்த தகப்பனுக்கு நீ பீ அள்ளுன. சரி, மகன், அள்ளுன. ஊரு பேரு தெரியாத எவன் எவனுக்கோ எம்மகன் தெனமும் அதத்தான் பண்றான்னு நான் எப்படிடா வாய்விட்டுச் சொல்லுவேன்? நெனச்சாலே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

சுரேஷ்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"எவன் எவனுக்கோ அள்ளிப் பழகுனதுனாலதாம்ப்பா உங்களுக்குச் செய்யறப்ப எனக்குக் கை கூசல. இல்லேன்னா நானும் மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிருப்பேன்."

அவர் கையை உதறிக்கொண்டு, "என்னமோ பண்ணித் தொலை" என்று சாய்ந்து சாய்ந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவும் வரவில்லை. ராஜாத்தி தூக்குவாளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "உங்கப்பன்ட்ட என்னடா சொன்ன?" என்று இவனைப் பிடித்து உலுக்கினாள்.

காலையில் ஏழு மணிக்கே போய், பக்கத்துத் தோப்பில் ஏணி இரவல் வாங்கி, பேனரில் ஏறிவிட்டான். தன் மூஞ்சிக்கு நேரே தானே நின்று, தன் பட்டத்தின் மேல் தானே ஸ்டிக்கர் ஒட்டுகிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பையன்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது, நீவி நீவிச் சரிசெய்தான். போட்டோ எடுத்து தேவயானி சிஸ்டருக்கு அனுப்பினான். 'ரொம்ப சந்தோஷம், இப்பத்தான் பார்க்க நல்லாயிருக்கு' என்று பதில் வந்தது. வேலை தப்பிவிட்டது. ஆனால் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போகையிலும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனான். அப்பா வருவாரா, மாட்டாரா?

வந்தார். மேளத்தோடு சீர் வந்தபோது முன்னாலேயே நடந்து வந்தார். பேனரைக் கடக்கையில் தலையைத் தூக்கவே இல்லை. கோயில் பந்தலில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மகன் பக்கம் திரும்பவும் இல்லை.

சம்பந்தி ஈஸ்வரபாண்டி கொஞ்சம் வாய்த்துடுக்கான மனுஷன். பேனரைப் படித்துவிட்டு நேரே பந்தலுக்கு வந்தார். சுரேஷ்கண்ணன் புது வேட்டியில் மணைமேல் உட்கார்ந்திருந்தான், ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார், பாண்டீஸ்வரி பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். பந்தி பாதி நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"என்ன சம்மந்தி, நேத்து சாயந்தரம் வரைக்கும் டாக்டரு, விடிஞ்சா நர்ஸா? பொண்ணு குடுக்கயில டாக்டர்னுதான சொன்னீக?"

ஒச்சாண்டி எழுந்தார்.

"எம்பேத்தி காது குத்துறது யாரு மடியில? ஆஸ்பத்திரில பீச்சட்டி தூக்குறவன் மடியிலயா?"

சுரேஷ்கண்ணன் எழப் போனான். பாண்டீஸ்வரி அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றார் ஒச்சாண்டி. "தூக்குறான். நர்ஸுதான். டாக்டர்னு நாந்தான் பொய் சொன்னேன், அவன் சொல்லல."

"அதத்தான கேக்குறேன்..."

"இருங்க சம்மந்தி, நான் இன்னும் முடிக்கல. போன வருசம் இடுப்பு ஒடிஞ்சு நாப்பது நாளு படுத்த படுக்கையாக் கெடந்தேன். எல்லாம் படுக்கையிலதான். எம்பொண்டாட்டியக்கூட உள்ள விடல, கேளுங்க அவள. அம்புட்டையும் அள்ளிக் கொட்டுனது இவன்தான். தெனமும் மூணு தடவை, நாலு தடவை. பச்சப்புள்ளைக்குக் கழுவுறாப்புல கழுவி விட்டான். மூஞ்சியச் சுளிச்சானான்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் செவத்தப் பாத்தே படுத்திருந்தேன். வெக்கத்துல எம்மகன் மூஞ்சிய நாப்பது நாளும் நான் பாக்கவே இல்ல."

சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். "ஏங்க, என்ன பண்றீக?" என்று ராஜாத்தி ஓடிவந்தாள். கையை விலக்கிவிட்டார்.

"நாப்பது நாளு ஒரே படுக்கையில கெடந்த ஆள நீங்க பாத்திருக்கீகளா? முதுகெல்லாம் புண்ணு வச்சு அழுகிப்போகும். எங்க பெரியப்பா ஒருத்தர் அப்படித்தான் போய்ச் சேந்தாரு, ஊருக்கே தெரியும். எம்முதுகப் பாருங்க. எல்லாரும் பாருங்கய்யா. ஒரு கீறல் இருக்கா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ராப்பகலா என்னையப் பொரட்டிப் போட்டான் அவன்."

சட்டையைக் கழற்றி, பந்தலைப் பார்க்க முதுகைக் காட்டித் திரும்பினார். இலையில் கை வைத்தவர்கள் கையை எடுக்கவில்லை. வெயில்பட்டுக் கறுத்த முதுகு. அதில் ஒரு தழும்பும் இல்லை.

ஈஸ்வரபாண்டி தரையைப் பார்த்தார். பிறகு மருமகள் கையிலிருந்து பேத்தியைத் தானே வாங்கி, குனிந்து, சுரேஷ்கண்ணன் மடியில் உட்காரவைத்தார். பிள்ளையின் பாவாடையை இழுத்துச் சரிசெய்தார். ஆசாரி ஊசியை எடுத்தார்.

பிள்ளை வீறிட்டது. மேளம் கொட்டியது. ராஜாத்தி சட்டையை நீட்டிக்கொண்டு, "போடுங்க, எல்லாரும் பாக்குறாக" என்று கெஞ்சினாள். ஒச்சாண்டி அதை வாங்கிக்கொள்ளாமல் திரும்பி, மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.